தலை வெளியே வரும்வரை

பால் பாக்கெட்டுகளை வைக்க இடம் தேடி ஃபிரிட்ஜைத் திறந்த மாடி வீட்டுக்காரி, நடுத்தட்டில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தை வெளியே எடுத்து, மேலே மூடியிருந்த தட்டை விலக்கிப் பார்த்துத் தொலைத்தாள். கூடத்தில் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, சமையலறையிலிருந்து வந்த அந்த ஒற்றை "ஐயோ"விலேயே விஷயம் விளங்கிவிட்டது. காலையிலிருந்து இருந்த இடத்தைவிட்டு அசையாதவள் எழுந்து உள்ளே போனாள். கிண்ணம் கழுவுதொட்டிக்கு மேல் பாதி சாய்ந்திருந்தது.

"கொட்டாத. இருந்த இடத்துல வை."

"அக்கா, இதுல புழு நெளியுதுக்கா."

"தெரியும். வை."

துக்க வீட்டில் வாதாட வேண்டாம் என்று அவள் வைத்துவிட்டாள். பெரியவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கூடத்தில் போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். அக்கா ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பி வந்தாள்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. விடிகிற நேரத்தில் "அக்கா" என்று ஒரு தரம் கூப்பிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் முடிந்துபோனான். அவளுக்கு அறுபத்து நாலு. வரிசைப்படி பார்த்தால் போக வேண்டியவள் அவள். அம்மா போனபோது அவன் எட்டு வயதுப் பையன். மூக்கைச் சிந்திவிட்டுப் பள்ளிக்கு அனுப்பி, சலவைக் கடையில் நின்று நின்று காலில் நரம்பு சுருள அவனைப் படிக்கவைத்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை. அவனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வேலை இதுதான். தவளை, ஓணான், பாம்பு இவற்றின் குடலில் ஒருவகைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. தலை உண்டு, தலை முழுக்கக் கொக்கி கொக்கியாக முள். அதைக் குடல் சுவரில் குத்திக்கொண்டு காலத்தை ஓட்டுகிற ஜென்மம். முள் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும். மியூசியத்தின் பின்கட்டு அறையில் உட்கார்ந்து இருபத்தேழு வருஷம் அவன் அதைத்தான் எண்ணினான். தெருவில் அவனுக்குப் புழு டாக்டர் என்று பெயர். குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது, பூச்சி மருந்து எழுதிக்கொடுங்கள் என்று வந்து நிற்பார்கள். நான் தவளைக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மருந்துக்கடை வரைக்கும் கூடவே போய் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவான். அப்படி வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம்தான் அந்தக் கிண்ணத்தோடு வந்தான். மியூசியத்து ஃபிரிட்ஜ் பழுதாம். ஒருநாள் இங்கே இருக்கட்டும் என்றான். சாப்பிடுகிற சாமான் வைக்கிற இடத்தில் இந்தக் கண்றாவியா என்று அவள் ஆரம்பித்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அப்போதும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். பேசாமல் கேட்டுக்கொண்டே தட்டால் மூடி உள்ளே வைத்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இதைத் தொடாதக்கா. அப்புறம் நீயும் கூட உக்காந்து பாரேன்."

"ஆமா, எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

அவளுக்குத் தெரிந்து, தம்பியிடம் அவள் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் அதுதான். காலையிலிருந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எத்தனையோ சொல்லியிருக்கலாம். சாப்பிட்டியா என்றாவது கேட்டிருக்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவளுடைய பெயர் ஒரு புழுவுக்கு இருந்தது.

அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். யாரும் அதுவரை பார்க்காத இனம் ஒன்றைக் கண்டுபிடித்தால் பெயர் வைக்கிற உரிமை கண்டுபிடித்தவனுக்கு. பெரிய மனிதர்கள் பெயரை வைப்பார்கள், குருநாதர் பெயரை வைப்பார்கள். அவன் அக்காவின் பெயரை வைத்தான். பெயருக்குப் பின்னால் லத்தீனில் ஒரு வாலை ஒட்டி அச்சடித்த பத்திரிகையைக் கொண்டுவந்து, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே விரித்துவைத்தான். பெயருக்குப் பக்கத்தில் இருந்த புழுவின் படத்தை அவள் பார்த்தாள். வளர்த்ததற்கு நல்ல மரியாதைடா என்றாள். அதோடு நாலு மாதம் அவனோடு பேச்சில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிடுவதோடு சரி.

கோபம் எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது. ஒருமுறை மட்டும், இந்தப் பெயர் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று போகிறபோக்கில் கேட்டாள். உலகம் இருக்கிறவரைக்கும் இருக்கும் அக்கா, அழிக்க முடியாது என்றான். அதற்குப் பிறகு, கடைக்கு வருகிற ஒரு பள்ளிக்கூட டீச்சரிடம் ரகசியமாகச் சொன்னாள். அப்புறம் தேய்த்த துணியை வாங்கிப்போக வருகிற இன்னும் சிலரிடம். பிள்ளையா குட்டியா, தனக்குப் பின்னால் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று யோசிக்கிற நேரங்களில் அந்தப் புழு ஞாபகத்துக்கு வரும். மனசு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். பத்திரிகையின் அந்தப் பக்கத்தை மடித்துத் தன் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். இதையெல்லாம் அவனிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று ஒரு வீம்பு.

பதினோரு மணிக்குப் படக்காரர் வந்தார். மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைத் தாளில் வரைகிறவர்; மியூசியத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் தம்பிக்காக மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தவர். கூடத்தில் ரொம்ப நேரம் நின்றார். அக்கா அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போய், நாற்காலியை நகர்த்தி, ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள்.

"இதை என்ன பண்ணணும் சார்? சாயங்காலம் வரைக்கும் தொடாதன்னான்."

"இங்கயா கொண்டுவந்தார்?"

"உங்க ஃபிரிட்ஜ் ரிப்பேர்னானே."

"இல்லையேம்மா. அது நல்லாத்தான் ஓடுது."

சொன்ன பிறகு அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேற்றுக் கிளம்பும்போது தம்பி அவரிடம் சொல்லிவிட்டுப் போனானாம்: நாளைக்கு அக்காவிடம் சொல்லிவிடுகிறேன், சொல்லிவிட்டு அனுப்பிவிடலாம், கவரோடு வீட்டுக்கு வாருங்கள் என்று.

கவருக்குள் இருந்தது ஒரு கட்டுரை. எழுதி முடித்து ஆறு வருஷம் ஆகிறது, பத்திரிகைக்கு அனுப்பவில்லை. அதன் சாரம் ஒரே வரிதான்: அக்காவின் பெயர் வைத்த அந்தப் புழு புது இனமே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே வேறொருவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்த புழுதான் அது. இரண்டும் ஒன்று என்றால் பழைய பெயர் நிற்கும், புதுப் பெயர் போய்விடும். அது அந்தத் தொழிலின் சட்டம்.

அக்கா ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படி அவன் தப்புப் பண்ணுவான் என்று கேட்டாள். ஒரு முள்ளை மூன்று தரம் எண்ணுகிறவன்.

"முதல் தடவை அவசரப்பட்டுட்டாராம்மா. இந்தப் புழு பயந்தா தலையை உடம்புக்குள்ள இழுத்துக்கும். குளிர்ந்த தண்ணியில ஒருநாள் போட்டுவச்சா தானா வெளியில நீட்டும். முழுசா நீட்டின பிறகுதான் ஸ்பிரிட் ஊத்தணும். முன்னாடியே ஊத்திட்டா அப்படியே விறைச்சுப்போயிடும். அன்னைக்கு முனை உள்ள நின்னுடுச்சு. வரிசைக்கு ஏழு முள்ளுன்னு எண்ணினார். உள்ள இன்னும் மூணு இருந்திருக்கு."

அவளுக்கு இது விளங்காத சமாசாரம் இல்லை. சலவைக்கு வருகிற காலுறைகளில் முக்கால்வாசி உள்பக்கம் திரும்பித்தான் வரும். கையை விட்டு இழுத்தாலும் நுனி மட்டும் உள்ளேயே சுருண்டு நிற்கும். அதை முழுக் காலுறை என்று நினைத்து அளந்தால் அளவு குறையத்தானே செய்யும்.

ஆனால் அவளுக்கு உறைத்தது வேறொன்று. இருபது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கிண்ணம். மத்தியானம் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. ஃபிரிட்ஜுக்குள் ஏதோ வாடை. கெட்டுப்போய்விடும், அவன் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவான் என்று, அவன் மேஜையில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மளமளவென்று ஊற்றியவள் அவள். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தாள். அவன் வந்ததும் சொன்னாள். அவன் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பரவாயில்லைக்கா, சரியாத்தான் இருக்கு என்றான்.

"அவன் ஊத்தல சார்," என்றாள். "நான் ஊத்தினேன்."

படக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷமா தன்மேலதான் சொல்லிக்கிட்டிருந்தார்," என்றார்.

ஏன் அனுப்பவில்லை என்று அவர் கேட்டபோதெல்லாம் தம்பி ஒரே பதிலைத்தான் சொல்வானாம். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஆனால் எடுத்தால் தாங்கமாட்டாள். கடைக்கு வருகிறவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள், அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம் என்று சிரிப்பானாம். அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, தம்பி போனதற்கும் அவனுக்குத் தெரிந்திருந்ததற்கும் சேர்த்து அழுதாள்.

படக்காரர் காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் எண்ணியது வேறு குளத்துத் தவளையில் எடுத்த புழு. முதல் புழு கிடைத்த அதே குளத்தில் இன்னொன்று கிடைத்து, தலை முழுசாக நீண்டிருந்தால்தான் எதிர்க்கேள்வி இருக்காது. அந்தக் குளத்தைக் கட்டடம் கட்ட மூடிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் கடைசியாக ஒரு தவளை கிடைத்தது. நேற்று அதை அறுத்தபோது குடலில் இருந்தவை இந்த ஐந்தும்.

"இனிமே அது உங்க விருப்பம்மா," என்றார். "நீங்க வேண்டாம்னா கவரை நான் எடுத்துட்டுப் போயிடறேன். கிண்ணத்தைக் கொட்டிட்டா முடிஞ்சுது. குளமும் இல்ல. உங்க பேரு அப்படியே இருக்கும்."

அவள் பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது என்று ஆள் வந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்தவை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். நாலு பேர் அவனைத் தூக்கியபோது, பார்த்து, வாசற்படி இடிக்கும் என்று சொன்னாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிற வழியில் அவன்மேல் அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். உன்னால்தான் வந்த வினை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் நாலு திட்டுத் திட்டிவிட்டு, சரி அனுப்பித் தொலை என்றிருப்பாள். அனுப்பச் சொல்லியிருப்பாளா? அதுவும் சந்தேகம்தான். அவனும் போய், பெயரும் போனால், இருபது வருஷத்தில் என்னதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். கொட்டிவிடலாம் என்று நினைத்தாள். யார் கேட்கப்போகிறார்கள். இருந்தவன் ஒருத்தன், அவனும் கேட்கமாட்டான்.

நாலரை மணிக்கு வீடு காலியாகியிருந்தது. மாடி வீட்டுக்காரி கூடத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தாள். படக்காரர் தம்பியின் மேஜைமுன் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா நேராகச் சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்தாள். கழுவுதொட்டி பக்கத்திலேயே இருந்தது. தட்டை விலக்கினாள்.

ஐந்து புழுக்களும் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அரிசியைவிடக் கொஞ்சம் நீளம். அவள் இதுவரை ஒருதரம்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒன்றின் நுனியில் மெல்லிய இழைபோல ஏதோ வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. நாளைக்கு நீயும் கூட உட்கார்ந்து பார் என்று அவன் சொன்னது இதைத்தான். இன்று சாயங்காலம் இந்த நேரத்துக்கு இதைக் காட்டிவிட்டு, எப்படியாவது தட்டுத்தடுமாறிச் சொல்லியிருப்பான். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேஜைக்குக் கொண்டுபோனாள்.

"இப்ப ஊத்தலாமா?"

அவர் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். "ரெண்டு இன்னும் வரலம்மா. அரைமணி ஆகும்."

"ஆகட்டும்."

சூடாகத்தான் ஊற்ற வேண்டும் என்று அவர் சொன்னதும், அவள் அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, நெருப்பை அணைத்து, அந்த வெந்நீரில் ஸ்பிரிட் பாட்டிலை நிறுத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். எந்த வேலையையும் அரைமணி காத்திருந்து செய்து பழக்கமில்லாதவள். கை பரபரத்தது. மேஜையின்மேல் அவனுடைய மைக்ரோஸ்கோப், மூக்குக்கண்ணாடி, முனை மழுங்கிய பென்சில், வாங்கி இரண்டு நாளான பிஸ்கட் பாக்கெட். எதையும் எடுத்துவைக்கவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

"வந்துடுச்சு," என்றார் அவர். "அஞ்சும்."

அவள்தான் ஊற்றினாள். ஐந்தும் ஒருதரம் நிமிர்ந்து, நீட்டியபடியே நின்றுவிட்டன. அவர் ஒன்றைத் தூரிகை நுனியால் எடுத்துக் கண்ணாடியில் வைத்து, மைக்ரோஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்து, எண்ணிவிட்டு நகர்ந்துகொண்டார். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவளே கண்ணை வைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் தெரிந்தது. பத்திரிகையில் பார்த்துச் சீ என்று தள்ளிய அதே தலை. முள் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் பின்பக்கம் வளைந்து, வரிசை பிசகாமல் நின்றது. இதற்காகத்தான் இருபத்தேழு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டானா என்றும் தோன்றியது, கெடுத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. கழுத்திலிருந்து மேல்நோக்கி எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சு, ஆறு. ஏழோடு நின்றுவிடக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த ஒரு நொடி அவள் அதை மனதார வேண்டினாள். எட்டு இருந்தது. ஒன்பது இருந்தது. நுனியில் மற்றவற்றைவிடச் சின்னதாக, நல்ல கூராக, பத்தாவது இருந்தது.

கீழிருந்து மறுபடி ஒருதரம் எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

"பத்துதான்," என்றாள். "அனுப்பிடுங்க சார்."

அவர் தலையசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு புழுக்களைச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றினார். குப்பிக்குள் ஒரு சீட்டும் போட வேண்டும். தம்பியின் இழுப்பறையில் விரல் அகலத்துக்கு அச்சடித்த சீட்டுகள் கட்டாக இருந்தன. பென்சிலால்தான் எழுத வேண்டும், மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்றார். சலவைக் கடையில் இதற்கு நேர்மாறு. போகாத மையாகப் பார்த்து வாங்குவாள்.

"நான் எழுதறேன். நாற்பது வருஷமா சீட்டு எழுதற கைதான்."

இனம் என்று இருந்த இடத்தில், அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச்சொல்ல, யாரோ நூறு வருஷத்துக்கு முன் வைத்த அந்த நீளமான பெயரை எழுதினாள். வாயில் நுழையாத பெயர். ஓர் எழுத்து பிசகாமல் எழுதினாள். எதிலிருந்து எடுத்தது: தவளை. எண்ணிக்கை: ஐந்து. இடம் என்பதில் அந்தக் குளத்தை எழுதினாள். நாளையும் எழுதினாள். கடைசியாக, கண்டறிந்தவர் என்று ஒரு கோடு இருந்தது. அதில் எழுதி முடித்துச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

படக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசிக் கோட்டில் 'என் தம்பி' என்று இருந்தது.

அவர் அழிப்பானைத் தேடவில்லை. சீட்டை மெதுவாகச் சுருட்டி, எழுத்து வெளியே தெரியும்படி குப்பிக்குள் இறக்கி, மூடியைத் திருகினார்.